ஒண்ட வந்தவளும் ஊர்ப் பேயும்

‘அன்யா’ஸ் கோஸ்ட்’ 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த சித்திர நாவல். கதையும் படமும் வேரா பிராஸ்கோல் என்ற ஒருவருடையவை. இவர் 1984-இல் மாஸ்கோவில் பிறந்து, ஐந்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடியேறியவர். அவருடைய முதல் நூல் இது. 220 பக்கங்களுக்குச் சற்று மேல் இருக்கும். 2012-இல் வளரிளம் பருவத்தினருக்கான பிரிவில் ஐஸ்னர் விருதையும், இளம் வாசகர் பிரிவில் ஹார்வி விருதையும் பெற்றது. சித்திரக்கதை உலகில் ஒரு முதல் நூலுக்கு இந்த இரண்டும் ஒரே ஆண்டில் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. நீல் கெய்மன் போன்ற எழுத்தாளரே மனம் திறந்து பாராட்டியதால் பரவலாகவும் வாசிக்கப்பட்டது. கிணறு, எலும்புக்கூடு, ஆவி, பழைய கொலை என்று பேய்க்கதைக்கு வேண்டிய சாமான் எல்லாம் இதில் இருக்கின்றன. ஆனால், படித்து முடித்த பிறகு மனத்தை அரிப்பது பேய் அல்ல, அந்தப் பேயோடு கூட்டுச் சேர்ந்த பதின்வயதுப் பெண் என்ன செய்தாள் என்பதுதான்.

கதை ஒரு காலை உணவோடு தொடங்குகிறது. அன்யாவின் அம்மா அடுப்படியில் சிர்னிக்கி சுடுகிறார். பாலாடைக்கட்டியைப் பிசைந்து, முட்டையும் மாவும் சேர்த்து, சின்னச் சின்னதாகத் தட்டி வாணலியில் பொன்னிறமாகச் சுட்டெடுக்கும் ரஷ்யப் பலகாரம் அது. அம்மாவுக்கு அது பாசம். மகளுக்கு அதில் தெரிவது எண்ணெயும் கொழுப்பும்தான். கொழுகொழுவென்று இருப்பதை வசதியின் அடையாளமாகப் பார்த்த நாட்டிலிருந்து வந்தவர் அம்மா. இடுப்பைச் சுற்றிக் கொஞ்சம் சதை போட்டாலே வகுப்பில் தலைகாட்ட முடியாது என்று நம்பும் நாட்டில் வளர்பவள் மகள். ஒரு தட்டுப் பலகாரத்தை நடுவில் வைத்து இந்த இரண்டு உலகங்களையும் நாலைந்து கட்டங்களில் காட்டிவிடுகிறார் பிராஸ்கோல். பேய் வருவதற்கு வெகு முன்பே கதையின் உண்மையான சண்டை அடுப்படியில் தொடங்கிவிடுகிறது.

அவளுடைய முழுப்பெயர் அன்யா போர்ஸகோவ்ஸ்கயா. அமெரிக்க வாய்களில் சிக்கிச் சின்னாபின்னமாகும் அந்தக் குடும்பப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, ‘அன்யா பிரவுன்’ என்று சொல்லிக்கொள்கிறாள். அமெரிக்கா வந்த புதிதில் உடம்பும் பருமன், பேச்சிலும் ரஷ்ய வாடை. இரண்டுக்கும் வாங்கிக் கட்டிக்கொண்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல. பாடுபட்டுப் பேச்சைத் திருத்திக்கொண்டாள், உடம்பையும் குறைத்துக்கொண்டாள். இப்போது பார்த்தால் எல்லாப் பெண்களையும் போல ஒரு பெண். ஆனாலும், அவள் படிக்கும் தனியார் பள்ளியில் அவளுக்குத் தோழி என்று சொல்ல ஷிவான் ஒருத்திதான். ஒதுக்குப்புறமாக நின்று சிகரெட் பிடிப்பதும், உடற்பயிற்சி வகுப்பில் ஓடச் சொன்னால் கடைசியில் வருவதும், மற்றவர்களைப் பற்றி வம்பளப்பதும்தான் இருவரையும் இணைக்கின்றன.

அதே பள்ளியில் டீமா என்று ஒரு பையன் இருக்கிறான். அவனும் ரஷ்யாவிலிருந்து வந்தவன்தான். குள்ளமானவன், நன்றாகப் படிப்பான், பேச்சில் ஊர் வாடை இன்னும் போகவில்லை. இரண்டு குடும்பங்களும் ஒரே ரஷ்யத் தேவாலயத்துக்குப் போகிறவை. அவனோடு நட்பாக இரு என்று அம்மா விடாமல் சொல்கிறார். அன்யாவோ அவன் நிழல்கூடத் தன்மேல் படக் கூடாது என்று விலகிப் போகிறாள். மற்ற பையன்கள் அவனைச் சீண்டும்போது கண்டும் காணாததுபோல் நடையைக் கட்டுகிறாள். அவன் பக்கத்தில் நின்றால், தான் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு.

ஷிவானோடு ஒரு நாள் சண்டை வருகிறது. கோபத்தில் பள்ளிக்குப் போகாமல் காட்டுப் பக்கம் நடந்த அன்யா, மரக்கிளைகளும் சருகும் மூடிய பாழுங்கிணற்றில் விழுகிறாள். கீழே ஓர் எலும்புக்கூடு கிடக்கிறது. அருகில் அதற்குரிய பெண்ணின் ஆவியும் இருக்கிறது. பெயர் எமிலி ரைலி. முதல் உலகப் போர் காலத்தில், ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன், அதே கிணற்றில் விழுந்து இறந்தவள். காதலன் போரில் மாண்டான் என்றும், வீட்டுக்குள் புகுந்த ஒருவன் பெற்றோரைக் கொன்றான் என்றும், அவனுக்குத் தப்பி ஓடும்போது கிணற்றில் விழுந்தேன் என்றும் சொல்கிறாள். கேட்கிறவருக்கு இரக்கம் வராமல் இருக்காது.

பேய்க்கதைக்குக் கிணறு ஒன்றும் புதிய இடமல்ல. ஜப்பானில் தட்டு எண்ணும் ஒகிக்கு என்ற வேலைக்காரப் பெண்ணின் ஆவி கிணற்றிலிருந்துதான் எழும். கோஜி சுஸுகியின் 1991-ஆம் ஆண்டு நாவலையும் அதிலிருந்து 1998-இல் வந்த ‘ரிங்’ திரைப்படத்தையும் தெரிந்தவர்களால், கிணற்றிலிருந்து எழும் சடாகோ என்ற பெண் பேயை மறக்க முடியாது. அங்கெல்லாம் கிணற்றிலிருந்து வெளியே வருவது பழிவாங்கும் ஆத்திரம். பிராஸ்கோலின் பேய் அப்படி வருவதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு, ஒத்தாசைக்கு வந்த அடுத்த வீட்டுப் பெண்ணைப்போல வருகிறது.

எமிலிக்கு ஒரு கட்டு உண்டு. தன் எலும்புகள் கிடக்கும் இடத்தைவிட்டு அதிக தூரம் அவளால் போக முடியாது. கிணற்றிலிருந்து மீட்கப்பட்ட பிறகுதான் அன்யாவுக்கு ஒன்று தெரிகிறது: ஒரு சின்ன விரல் எலும்பு அவளுக்கே தெரியாமல் அவள் பையில் வந்திருக்கிறது. எலும்பு வந்த இடத்துக்குப் பேயும் வந்துவிட்டது.

கதையின் மொத்தத் தந்திரமும் இந்த எலும்பில்தான் இருக்கிறது. எமிலி அந்த மண்ணில் பிறந்தவள், அதிலேயே செத்தவள், அதைவிட்டு நகர முடியாதவள். அவளுடைய வேர் அவள் எலும்பேதான். அன்யா கண்டம் தாண்டி வந்தவள். வந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகப் பெயர், பேச்சு, சாப்பாடு என்று வேர்களை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டவள். வேரைவிட முடியாத ஒருத்தியும் வேரை வேண்டாம் என்று சொல்லும் ஒருத்தியும் ஒரே பைக்குள் சேர்ந்து பள்ளிக்குப் போகிறார்கள். அந்த எலும்பை ஒரே நிமிடத்தில் தூக்கி எறிந்திருக்கலாம். அன்யா எறியவில்லை. பேயைத் தெரிந்தே தன்னிடம் வைத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் அவள் வெறும் பலியாள் என்ற நிலையிலிருந்து பங்காளி என்ற நிலைக்கு வந்துவிடுகிறாள்.

வைத்துக்கொள்ளக் காரணம் இல்லாமல் இல்லை. பேயால் ஆதாயம் உண்டு. உயிரியல் தேர்வில் பக்கத்து மேசைகளை எட்டிப் பார்த்து விடை சொல்கிறாள் எமிலி. அன்யா கண் வைத்திருக்கும் ஷான் என்ற கூடைப்பந்து வீரன் அடுத்து எந்த வகுப்புக்குப் போகிறான், யாரோடு பேசுகிறான் என்று வேவு பார்த்துச் சொல்கிறாள். யார் கண்ணுக்கும் தெரியாத தோழி, கேட்டதை எல்லாம் செய்து தருபவள், பதிலுக்கு எதுவும் கேட்காதவள். இப்படி ஒரு தோழி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லும் பதினாறு வயதுப் பெண் எந்த நாட்டிலும் இருக்க மாட்டாள். ஷிவானின் இடத்தை எமிலி பிடித்துக்கொள்கிறாள். அன்யாவின் மதிப்பெண் ஏறுகிறது, உடை மாறுகிறது, நடை மாறுகிறது. எமிலியும் மாறுகிறாள். கிணற்றில் பார்த்த பழங்காலத்துப் பயந்தாங்கொள்ளி கொஞ்சம் கொஞ்சமாக அன்யாவின் சாயலுக்கு வருகிறாள். யார் யாரைப் பார்த்து மாறுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாத கட்டம் ஒன்று வருகிறது. வாசகருக்கு முதல் தடவையாக முதுகில் சில்லிடுவது அங்கேதான்.

நடுவில் வரும் விருந்துக் காட்சியை மட்டும் தனியே எடுத்துப் பேச வேண்டும். எமிலியின் யோசனைப்படி அலங்கரித்துக்கொண்டு, ஷான் வரும் விருந்துக்கு அன்யா போகிறாள். ஷானின் காதலி எலிசபெத் பள்ளியிலேயே அழகி. பொன்னிறக் கூந்தலும் ஒல்லி உடம்பும் கொண்டவள், அன்யா யாராக வேண்டும் என்று ஏங்கினாளோ அவளே. அந்த எலிசபெத் ஓர் அறையின் கதவுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே ஷான் வேறொரு பெண்ணோடு இருக்கிறான். யாரும் உள்ளே போய்விடாமல் காவல் காப்பது இவள் வேலை. அழவில்லை, கத்தவில்லை, இது வழக்கம்தான் என்பதுபோல நிற்கிறாள். அவனை இழந்துவிடுவோம் என்ற பயம் அவளுக்கும் இருக்கிறது. பளபளப்பான அமெரிக்க வாழ்க்கைக்குக் கொடுக்க வேண்டிய விலை இதுவென்று எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அன்யா திரும்பி நடக்கிறாள், அவ்வளவுதான். பிரசங்கம் செய்யக் கிடைத்த அருமையான இடத்தில் பிராஸ்கோல் வாயைத் திறக்கவே இல்லை. இந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான்.

இங்கிருந்து கதை திசை மாறுகிறது. அன்யாவுக்கு ஷான் வேண்டாம் என்றாகிவிட்டது. எமிலிக்கு அது பிடிக்கவில்லை. அன்யா வழியாக ஒரு காதல் வாழ்க்கையை வாழ்ந்துவிடத் துடித்தவள் அவள். சந்தேகப்பட்ட அன்யா நூலகத்தில் பழைய செய்திகளைத் தேடுகிறாள். எமிலி சொன்ன கதை முழுப்பொய். கொலைகாரனிடமிருந்து தப்பி ஓடியவள் அல்ல அவள். தான் ஆசைப்பட்டவன் வேறொருத்தியை விரும்பினான் என்பதற்காக, இருவரும் இருந்த வீட்டைப் பூட்டித் தீ வைத்தவள், பிறகு தப்பி ஓடும்போது கிணற்றில் விழுந்தவள். உண்மை தெரிந்துவிட்டது என்றதும் முகமூடி கழன்றுவிடுகிறது. அம்மாவுக்கும் தம்பி சாஷாவுக்கும் ஆபத்து வருகிறது. எந்த வீட்டைப் பற்றி வெளியே சொல்ல அன்யா கூசினாளோ, அந்த வீட்டைக் காப்பாற்ற அவளே ஓட வேண்டியிருக்கிறது. முடிவு அதே கிணற்றடியில் வருகிறது. அது என்னவென்று இங்கே சொல்வது புதிய வாசகருக்குச் செய்யும் துரோகமாகிவிடும். மந்திரவாதியோ பாதிரியாரோ வந்து பேய் ஓட்டுவதில்லை என்று மட்டும் சொல்லி வைக்கலாம்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாகப் பழமொழி சொல்லும். வந்தேறிகளைப் பற்றி எல்லா நாடுகளிலும் உள்ள பயம் அதுதான். வந்தவர்கள் நம் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அந்தப் பயம். இந்த நாவலில் அது தலைகீழாகிறது. ஊர்ப் பிடாரிதான் ஒண்ட வந்தவளின் வீட்டுக்குள் நுழைந்து, அவள் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ரைலி என்பது ஐரிஷ் குடும்பப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஐரிஷ் மக்களை அமெரிக்கா இரு கை நீட்டி வரவேற்றுவிடவில்லை. வேலைக்கு ஐரிஷ்காரர் வேண்டாம் என்று விளம்பரம் செய்த காலமும் உண்டு. எமிலி போன்றவர்கள் உள்ளூர்க்காரர்கள் ஆனது இரண்டு, மூன்று தலைமுறைக்குப் பிறகுதான். எமிலி இறந்து சில ஆண்டுகளில், 1924-இல், ஜான்சன்-ரீட் சட்டம் வந்து கிழக்கு, தெற்கு ஐரோப்பியர்களின் வருகையைக் கடுமையாகக் குறைத்தது, ஆசியர்களுக்குக் கதவைச் சாத்தியது. அன்யாவின் மூதாதையர் அன்றைக்கு வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கக்கூடும். நாவல் இந்த வரலாற்றைப் பேசவில்லை. ஆனால், ‘உள்ளூர்க்காரி’ என்ற அந்தஸ்தே ஒருவகையில் ஆவிதான் என்று எண்ணும்படி கதை அமைந்திருக்கிறது.

சிறு வயதில் வேறு நாட்டுக்கு வந்து அங்கேயே வளர்பவர்களைச் சமூகவியலாளர் ரூபன் ரம்பாவுட் ஒன்றரைத் தலைமுறை என்று அழைத்தார். முதல் தலைமுறைக்கு ஊர் நினைவு இருக்கும், இரண்டாம் தலைமுறைக்குப் புதிய நாடே சொந்த நாடு. ஒன்றரைக்கு இரண்டும் பாதிப் பாதி. பெற்றோரைவிடப் பிள்ளைகள் புதிய மொழியையும் பழக்கத்தையும் விரைவாகப் பிடித்துக்கொள்ளும்போது வீட்டுக்குள் அதிகாரம் தலைகீழாகிறது என்று ரம்பாவுட்டும் அலெஹாந்த்ரோ போர்ட்டஸும் நீண்ட ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். குடியேறிகள் கலந்துவிடும் அமெரிக்கா என்பது ஒரே அமெரிக்கா அல்ல, எந்தத் தட்டில் போய்ச் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும் என்று போர்ட்டஸும் மின் ஷோவும் 1993-இல் வாதிட்டார்கள். அன்யா போய்ச் சேரத் துடிப்பது மேல்தட்டுப் பிள்ளைகளின் அமெரிக்காவில். அந்த மேல்தட்டு உள்ளே எப்படி இருக்கிறது என்பதைத்தான் விருந்துக் காட்சி காட்டியது.

படங்களைப் பற்றி. நாவல் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும், நடுவே நீலமும் ஊதாவும் கலந்த சாம்பல் சாயல்களுமாக இருக்கிறது. வேறு வண்ணமே கிடையாது. பகல் வகுப்பறையும் அந்தி சாய்ந்த பிறகு இருப்பதுபோலத்தான் தெரியும். எமிலி வெள்ளையாக, மெல்லிய கோட்டில், தண்ணீருக்குள் அலைவது போன்ற கூந்தலோடு மிதக்கிறாள். தொடக்கத்தில் அவளைப் பார்த்தால் பொம்மையைப்போல இருக்கும், பயமே வராது. அதே கோடுகளை வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பின்பகுதியில் நடுங்க வைக்கிறார். இரத்தம், குடல், வெட்டு, குத்து எதுவும் இல்லை. முகபாவத்தால் பயமுறுத்துவது கடினமான வித்தை.

அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. பிராஸ்கோல் கனடாவின் ஷெரிடன் கல்லூரியில் அசைவூட்டக் கலை படித்தவர். ஆரிகன் மாநிலத்தில் உள்ள லைக்கா அசைவூட்டப் பட நிறுவனத்தில் ‘கோரலைன்’ (2009), ‘பாராநார்மன்’ (2012), ‘தி பாக்ஸ்ட்ரோல்ஸ்’ (2014) போன்ற படங்களுக்கு ஸ்டோரிபோர்டு வரைந்தவர். ஸ்டோரிபோர்டு கலைஞரின் வேலை, வசனத்துக்கு முன்பாகக் காட்சியை ஓடவிடுவது. இவருடைய பக்கங்களில் வசனமே இல்லாத கட்டங்கள் வரிசையாக வருவதும், ஒரு தோள் குலுக்கலில் பாதிச் செய்தி முடிந்துவிடுவதும் அந்தப் பழக்கத்தால்தான். நீல் கெய்மனின் 2002-ஆம் ஆண்டு நாவலிலிருந்து எடுக்கப்பட்ட ‘கோரலைன்’ படத்துக்கும் இந்த நூலுக்கும் உறவு இருக்கிறது. அங்கேயும் ஒரு கிணறு, அங்கேயும் கேட்டதெல்லாம் கொடுத்து ஆளை விழுங்கப் பார்க்கும் மாய சக்தி. வித்தியாசம் ஒன்று உண்டு. கோரலைனுக்குக் கிடைப்பது தன் வீட்டைவிட மேலான வீடு என்ற ஆசை. அன்யாவுக்குக் கிடைப்பது, தான் வேறு ஒருத்தி என்ற ஆசை.

சித்திரக்கதைக்கும் குடியேறிகளுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1938-இல் அறிமுகமான சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிச் சாதுபோல் வேலை பார்க்கும் ஒருவனை அவர்கள் கற்பனை செய்ததில் வியப்பில்லை. ஐஸ்னர் விருதுக்குப் பெயர் தந்த வில் ஐஸ்னரின் ‘எ காண்ட்ராக்ட் வித் காட்’ (1978) நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒண்டுக்குடித்தனங்களில் வாழ்ந்த யூதக் குடியேறிகளைப் பற்றியது. சித்திர நாவல் என்ற பெயர் பரவலானதில் அந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஷான் டேனின் ‘தி அரைவல்’ (2006) ஒரு சொல்கூட இல்லாமல், புதிய ஊரில் கால் வைத்தவனின் திகைப்பை வரைந்தது.

அன்யாவின் கதையோடு அருகில் வைத்துப் பார்க்க வேண்டிய நூல்கள் இரண்டு. ஒன்று, ஜீன் லுவென் யாங்கின் ‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’ (2006). அதையும் இதையும் வெளியிட்டது பர்ஸ்ட் செகண்ட் என்ற ஒரே பதிப்பகம். பதின்வயதினர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதை வென்ற முதல் சித்திர நாவல் அது. அதில் ஜின் வாங் என்ற சீனப் பையன் வெள்ளைக்காரப் பையனாகவே மாறிவிடுகிறான். மாறுவதற்கு அவனுக்கு மாயம் தேவைப்படுகிறது, ஏனென்றால் முகத்தை மறைக்க முடியாது. இன்னொன்று, மர்ஜான் சத்ரபியின் ‘பெர்ஸெபோலிஸ்’. ஈரானிலிருந்து வியன்னாவுக்கு அனுப்பப்பட்ட மர்ஜி, ஒரு விருந்தில் தன்னைப் பிரெஞ்சுக்காரி என்று சொல்லிக்கொள்கிறாள். பிறகு அதே பொய்யைக் கேலி செய்யும் பெண்களின் பேச்சு காதில் விழ, நான் ஈரானியப் பெண் என்று வெடிக்கிறாள்.

ஜின்னுக்கு இல்லாத வசதி அன்யாவுக்கு உண்டு. அவள் வெள்ளை நிறத்தவள். பெயரையும் பேச்சையும் மாற்றிக்கொண்டால் கூட்டத்தில் கரைந்துவிடலாம். அந்த வசதிதான் அவளைக் கெடுக்கிறது. மறைத்துக்கொள்ள முடியாதவனிடம் உலகம் கொடுமை செய்கிறது. மறைத்துக்கொள்ள முடிந்தவள், தானே அந்தக் கொடுமையின் பக்கம் போய் நின்றுகொள்கிறாள். டீமாவைச் சீண்டும் பையன்களில் அன்யா இல்லை. ஆனால், சீண்டப்படுவது ஏன் என்று அந்தப் பள்ளியிலேயே முழுதாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளுடைய மௌனம் மற்றவர்களின் மௌனத்தைவிடக் கனமானது. நூலகத்தில் எமிலியின் குற்றத்தைக் கண்டுபிடிக்கும்போது அன்யாவுக்கு வரும் அதிர்ச்சியில் பாதி, தன்னையே பார்த்த அதிர்ச்சி. தனக்கு வேண்டியதற்காக மற்றவரைப் பொருட்படுத்தாமல் போகும் குணம் எமிலியிடம் தீயாக முடிந்தது. அன்யாவிடம் அது இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் முக்கால் பங்கு நகைச்சுவையும் நுட்பமுமாகப் போகிற கதை, கடைசியில் வழக்கமான பேய்ப்பட வேகத்துக்குத் தாவிவிடுகிறது. வெட்கமும் ஏக்கமும் கலந்து உருவான எமிலி, உண்மை வெளிப்பட்டதும் முழு வில்லியாகிவிடுகிறாள். அவள்மேல் வாசகர் வைத்திருந்த இரக்கத்துக்கு இடமில்லாமல் போகிறது. 90 ஆண்டு தனியாகக் கிடந்தவளுக்கு இன்னும் கொஞ்சம் நியாயம் செய்திருக்கலாம். டீமாவும் அப்படித்தான். அன்யாவின் மனச்சாட்சியை அளக்கும் கோலாகவே பெரும்பாலும் வந்து போகிறான். அவன் வீடு, அவன் கோபம், அவன் ஆசை எதுவும் தெரிவதில்லை. அம்மாவைப் பற்றியும் இன்னும் அறிய ஆவல் எழுகிறது. மொழி தெரியாத நாட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணின் கதை, மகள் கதையைவிடக் குறைந்த திகில் உள்ளதாக இருக்க முடியாது. ஆனால், பதின்வயதுப் பெண்ணின் கண் வழியாகச் சொல்லப்படும் கதையில் அம்மா அடுப்படியில் மட்டுமே தெரிவதும் ஒருவகையில் உண்மைதான்.

அமெரிக்கக் கனவை இது தூக்கிப் பிடிப்பதும் இல்லை, தூற்றுவதும் இல்லை. மூதாதையர் மரபுக்குத் திரும்பிப் போ என்று உபதேசிப்பதும் இல்லை. அன்யா பிறகு ரஷ்யப் பாட்டுப் பாடுவாள் என்றோ சிர்னிக்கியை ரசித்துச் சாப்பிடுவாள் என்றோ கதை நம்பவைக்கப் பார்க்கவில்லை. அவளிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று. தன்னைப் போன்றவன் அடிபடும்போது அவன் பக்கத்தில் நிற்க அவளுக்குத் துணிச்சல் வருமா என்பதே அது. குடியேறிகளைப் பற்றிய எத்தனையோ நூல்கள் பண்பாடு, அடையாளம் என்று பெரிய பேச்சுப் பேசி முடிக்கும் இடத்தில், இந்த நூல் சாதாரண நாகரிகத்தைப் பற்றிப் பேசுகிறது. அதன் பலம் அதுதான்.

பிராஸ்கோலின் அடுத்த நூல்களில் ‘லீவ் மீ அலோன்!’ (2016) என்ற குழந்தைகளுக்கான படப்புத்தகம் 2017-இல் படப்புத்தகங்களுக்கான கால்டிகாட் விருதில் சிறப்புத் தகுதி பெற்றது. ‘பி பிரிப்பேர்ட்’ (2018) அவருடைய சொந்த அனுபவத்தை ஒட்டியது. அமெரிக்கப் பள்ளித் தோழிகளுக்கு நடுவே ஒட்டாமல் தவிக்கும் ரஷ்யச் சிறுமி, ரஷ்யப் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் கோடை முகாமுக்குப் போய், அங்கேயும் ஒட்டாமல் தவிக்கும் கதை அது. ஊதாச் சாம்பலுக்குப் பதில் அதில் பச்சைச் சாயல், பேய்க்குப் பதில் கொசுவும் கழிப்பறையும். இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது. ‘அன்யா’ஸ் கோஸ்ட்’ நூலில் சிகரெட்டும் விருந்தும் வருகின்றன, ஓரிரு பக்கங்கள் நன்றாகவே பயமுறுத்தும். சின்னக் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. 12, 13 வயதைத் தாண்டிய பிள்ளைகள் கையில் தயங்காமல் கொடுக்கலாம். வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ பிள்ளைகளோடு குடிபெயர்ந்த பெற்றோர், பிள்ளைகளுக்கு முன் தாங்கள் ஒருமுறை படித்துவிடுவது இன்னும் நல்லது.